நாற்பத்தொரு பேர், இரண்டு ஜிபி

குரியாச்சன் முதலாளி கணினியைத் தந்தபோது
கூடவே ஒரு சிலந்தியும் வந்தது.
இரண்டு ஜிபி நினைவகம். பன்னிரண்டு வயது.
விண்டோஸ் கண் திறப்பதற்குள்
ஆனக்கரை போய் டீ குடித்துவிட்டு வரலாம்.
"லினக்ஸ் போடு சபூரா, காசு வேண்டல்லோ" என்றார்.
காசு கேட்காத பொருளுக்குத்தான்
கடை கடையாய் ஏறி இறங்கவேண்டும் என்பது
அன்றைக்குத் தெரியாது எனக்கு.

லினக்ஸ் என்று தனியாய் ஒன்று கிடைக்காது.
உள்ளே ஒரே கரு.
வெளியே ஆளாளுக்கு ஒரு தோல், ஒரு பிடிவாதம்.

கட்டப்பனை ஜிபின் ஆர்ச் என்றான்.
ஒவ்வோர் ஆணியும் நீயே அடிக்கவேண்டும்,
அதுதான் அதில் சுகம் என்றான்.
அவனுக்குச் சனிக்கிழமை கூலி போடும் வேலை இல்லை.
கம்பத்தில் நிஜாம் மச்சான் ஃபெடோரா கட்சி.
புதுசெல்லாம் முதலில் அதில்தான் வருமாம்.
புதுசு வரும்போது பழசு எங்கே போகும் என்று கேட்டேன்;
வெங்காயம் உரிக்க எழுந்து போய்விட்டார்.

ஏலக்காய்க்குச் சல்லடை உண்டு.
எட்டு மில்லி மேலே நிற்கும்,
ஏழு அடுத்த தட்டில்,
பொக்கு கீழே கொட்டும்.
இதற்கு எந்தச் சல்லடை?

பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே
ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்தேன்.
வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துப் பார்த்துத்
திருப்பி வைக்க விடுகிற சந்தை
இது ஒன்றுதான்.
உபுண்டு அழகு; ஆனால் உள்விசிறி
ஸ்டோர் அடுப்பாய் இரைந்தது.
மின்ட் மரியாதையாய்த்தான் பேசியது,
பேசி முடிக்க நேரமானது.

பிறகு பப்பி.
பெயரே நாய்க்குட்டி, அப்படியே ஓடியது.
வட்டைத் தொடாமல்
நினைவிலேயே நின்று நினைவிலேயே விளையாடும்.
அணைக்கும்போது 'சேமிக்கவா' என்று கேட்கும்.
ஐப்பசி மழையில் வெள்ளி ராத்திரி
ஒரு வாரக் கூலி முழுக்க அடித்து முடித்தேன்.
கேட்பதற்கு முன்னால் கரண்ட் போனது.

காலையில் கம்பம்மெட்டு ஏறி ஜீப்புகள் வந்தன.
மூன்று ஜீப்பு, நாற்பத்தொரு பேர்,
தலையில் பாலிதீன், கையில் தூக்குவாளி.
கணக்கு போச்சு என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.
வீருசின்னம்மாள் விரல் மடக்கினாள்: அஞ்சு நாள்.
ஒச்சம்மாள் நாலரை என்றாள்,
அந்த அரைநாள் பல்வலி என்று
தாடையைத் தொட்டுக் காட்டினாள்.
பவுன்தாய் மூணு என்றதும்
நாலு, நாலு என்று பின்னாலிருந்து மூன்று குரல்.
திங்கக்கிழமை நீ எனக்குப் புளிச்சோறு தந்தியே,
வராமலா தந்தே?

ஒருத்தியின் நாள் இன்னொருத்தியிடம் பத்திரமாய் இருந்தது.
அதற்கு பேக்கப் என்று பெயர்,
ஜிபின் மாசக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்.
முதலாளி போனதடவை கொடுத்ததைவிட
நூற்றைம்பது ரூபாய் குறைவாகத்தான் வந்தது மொத்தம்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

அன்று மதியம் சல்லடை கிடைத்தது.
எது வேகம், எது அழகு, எதை எத்தனை பேர்
புகழ்கிறார்கள் என்பதெல்லாம் கீழே கொட்டட்டும்.
சனிக்கிழமை நாலு மணிக்கு,
வெளியே ஜீப்பு உறுமும்போது,
என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல்
இருக்கிற ஒன்று போதும்.

டெபியன் போட்டேன். மேலே மெலிசாய் ஒரு முகப்பு.
சலிப்பு என்றான் ஜிபின்.
ஈராண்டுக்கொரு முறைதான் சட்டை மாற்றும் என்றான்.
நானும் அப்படித்தான் என்றேன்.
கணக்கு இப்போது வட்டில் ஒன்று,
பென்டிரைவில் ஒன்று,
புளிச்சோற்றில் ஒன்று.

பிரிண்டர் மட்டும் முழுதாய் வசப்படவில்லை.
தமிழ்ப் பெயர்கள் சுத்தமாய் விழுகின்றன;
எஸ்டேட் பெயரின் கடைசியில் வரும்
மலையாளச் சில்லெழுத்து
இன்னும் வெறும் கட்டம்.
எழுத்துரு தேடவேண்டும், மழை விடட்டும்.
அதுவரை
அந்தக் கட்டத்துக்குள்ளேயே
கையெழுத்துப் போடுகிறார் குரியாச்சன்.